கை மேல் பழி போடாதீர்கள்: டோர்ட்டியா கேள்வி – பதில்

மெக்சிகோவின் அன்றாட உணவான மெல்லிய மக்காச்சோள ரொட்டி, டோர்ட்டியா. அதைக் கையால் செய்து பார்க்கும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்கள்.

கடையில் மக்காச்சோள மாவு வாங்கி வெந்நீர் விட்டுப் பிசைந்தேன். தட்டும்போதே ஓரம் பிளக்கிறது, கல்லில் போட்டால் உடைகிறது. எனக்குக் கைப்பழக்கம் போதவில்லையா?
(கரூர் வாசகி)

கைப்பழக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மாவே வேறு. ‘கார்ன் ஃப்ளோர்’ என்று விற்கும் வெள்ளைத் தூள் வெறும் ஸ்டார்ச். மஞ்சள் மாவோ உலர்ந்த மணியை அப்படியே அரைத்தது. கோதுமையில் உள்ள குளூட்டன் மக்காச்சோளத்தில் கிடையாது. பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாததால் மாவு உதிர்கிறது. பஞ்சாபில் மக்கி ரொட்டிக்குக் கொதிநீர் விட்டுப் பிசைந்து கனமாகத் தட்டுவது அதனால்தான்.

மெக்சிகோவில் வழி வேறு. மணியைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, ஊறவைத்து, கழுவி, ஈரமாகவே அரைக்கிறார்கள். வெந்து ஊறிய மணிக்கு நிஷ்டமால் என்றும், அரைத்த மாவுக்கு மாசா என்றும் பெயர். சுண்ணாம்பில் மணியின் தோல் கரைந்து பிசினாகிறது. ஸ்டார்ச்சின் ஒரு பங்கு வெந்து நீரைப் பிடித்துக்கொள்கிறது. கால்சியம் இரண்டையும் இறுக்குகிறது. மாவு ஒட்டி நிற்பது இந்த மூன்றால்தான்.

அரைக்க வசதியில்லை என்றால் மாசாவை உலர்த்திப் பொடித்த ‘மாசா அரினா’ பாக்கெட் வாங்குங்கள். 250 கிராமுக்கு 350 மில்லி வெதுவெதுப்பான நீர் விட்டுப் பிசைந்து, ஈரத்துணி போட்டு அரை மணி நேரம் மூடி வையுங்கள். பிசைந்தவுடன் சரியாகத் தெரியும் மாவு அரை மணியில் நீரைக் குடித்து இறுகிவிடும். தட்டத் தொடங்கும் முன் ஒரு முறை தொட்டுப் பார்த்து நீர் தெளித்துக்கொள்ளுங்கள்.

மணியிலிருந்தே தொடங்க ஆசை. அளவும் நேரமும் சொல்லுங்கள்.
(சிங்கப்பூர் வாசகர்)

உலர்ந்த மக்காச்சோளம் 1 கிலோ, தண்ணீர் 3 லிட்டர், உண்ணத்தக்க சுண்ணாம்புத் தூள் 10 கிராம், அதாவது மணியின் எடையில் நூற்றில் ஒரு பங்கு. கரண்டிக் கணக்கு வேண்டாம். சுண்ணாம்புத் தூள் பஞ்சாகவும் இருக்கும், அமுங்கியும் இருக்கும். தராசில் நிறுங்கள். அலுமினியப் பாத்திரத்தைச் சுண்ணாம்பு அரிக்கும், எவர்சில்வர் போதும்.

சுண்ணாம்பை முதலில் நீரில் கரைத்து, கழுவிய மணியைப் போடுங்கள். சிறிது நேரத்தில் மணி மஞ்சளாகும். வெள்ளை மணியில் இது பளிச்சென்று தெரியும். தளதளவென்று கொதிக்கவிடாமல், ஓரத்தில் குமிழ் மட்டும் எழும் சூட்டில் 30 முதல் 45 நிமிடம் வையுங்கள். மணி கடினமான ரகமாக இருந்தால் இன்னும் பத்து, பதினைந்து நிமிடம் பிடிக்கும்.

கடிகாரத்தைவிட மணியைக் கேளுங்கள். ஒன்றை எடுத்து விரலிடுக்கில் தேய்த்தால் தோல் வழுக்கி உரிய வேண்டும். அதையே நகத்தால் இரண்டாகப் பிளந்தால், வெளிப்புறம் வெந்து நடுவில் மட்டும் வெள்ளைப் பொட்டாக வேகாத பகுதி இருக்க வேண்டும். அந்தப் பொட்டு மறையும்வரை வேகவைத்தால் மாவு கொழகொழவென்று பிளாஸ்டிக்கில் அப்பிக்கொள்ளும். பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். பாக்கியை ஊறல் பார்த்துக்கொள்ளும். அடுப்பை அணைத்து, மூடி, 8 முதல் 12 மணி நேரம் விடுங்கள். இரவில் வைத்தால் காலையில் எடுக்கலாம்.

மஞ்சளாக நிற்கும் அந்தக் காரநீருக்கு நெஹயோத்தே என்று பெயர். அதை வடித்துவிட்டு, இரண்டு மூன்று தண்ணீரில் மணியை உள்ளங்கையால் தேய்த்துக் கழுவுங்கள். தோல் முழுவதையும் உரித்துத் தள்ள வேண்டாம். கொஞ்சம் தங்கினால்தான் அந்தப் பிசின் மாவுக்கு வந்து, டோர்ட்டியா மடித்தாலும் பிளக்காது. அதிகம் தங்கினால் சோப்பு வாடையும் கசப்பும் வரும்.

ஒரு கிலோ மணியில் ஏறத்தாழ 60 டோர்ட்டியா வரும். முதல் தடவை கால் கிலோவுக்கு மேல் போடாதீர்கள்.

வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பைப் பயன்படுத்தலாமா? வயிற்றைப் புண்ணாக்காதா?
(மதுரை வாசகி)

அதுவும் கால்சியம் ஹைட்ராக்சைடுதான், பயன்படுத்தலாம். ஆனால் நிறமும் வாசனையும் சேர்க்காத வெள்ளைச் சுண்ணாம்பாக இருக்க வேண்டும். களிம்பில் நீர் கலந்திருப்பதால் 10 கிராம் தூளுக்குப் பதில் ஏறக்குறைய 20 கிராம் எடுங்கள். சுவருக்கு அடிக்கும் சுண்ணாம்பு கூடவே கூடாது. நீர்க்காத கல் சுண்ணாம்பையும் தொடாதீர்கள், நீர் பட்டால் கொதித்துத் தெறிக்கும்.

போட்ட சுண்ணாம்பில் பெரும்பகுதி வடிநீரோடும் கழுவு நீரோடும் போய்விடுகிறது; மாவில் தங்குவது சிறு அளவு கால்சியம். ஆனால் வடிநீர் கண்ணில் பட்டால் எரிக்கும். கவனமாக வடியுங்கள், பூந்தொட்டியில் ஊற்றாதீர்கள்.

மணி வாங்கும்போதும் ஒரு எச்சரிக்கை: விதைக்கென்று விற்பதில் பூச்சிமருந்து பூசியிருப்பார்கள், அது வேண்டவே வேண்டாம். ஸ்வீட் கார்னும் பாப்கார்ன் மணியும் சரிவராது.

வெட் கிரைண்டரில் அரைக்கலாமா?
(கோவை வாசகர்)

கல் சுற்ற வேண்டுமென்று நீர் விடுவீர்கள். நீர் விட்டால் கரைத்த மாவாகிவிடும், தட்ட முடியாது. மெக்சிகோவின் மெத்தாத்தே சாய்வான மூன்று கால் எரிமலைக் கல். அதன் பின்னால் முழங்காலிட்டு, கல் உருளையால் ஈர மணியைத் தள்ளித் தள்ளி, நசுங்கியதைச் சேர்த்து மறுபடியும் மறுபடியும் இழைப்பார்கள். அங்கே பலரும் இப்போது ஊறிய மணியை வாளியில் எடுத்துக்கொண்டு அக்கம்பக்கத்து மில்லுக்குப் போகிறார்கள்.

வீட்டில் சிறந்தது கையால் சுற்றும் இரும்பு மில். இறுக்கிவைத்து இரண்டு தடவை ஓட்ட வேண்டும். மிக்ஸிதான் இருக்கிறதென்றால் சிறிய ஜாரில் 200 கிராம் மணி, ஒன்றிரண்டு மேசைக்கரண்டி நீர். விட்டு விட்டு ஓட்டி, ஓரத்தை வழித்து வழித்து அரையுங்கள். விரலிடுக்கில் நெருடல் மிச்சமிருந்தால் டோர்ட்டியா விரிசல் விடும். நீர் கூடிவிட்டால் இரண்டு கரண்டி மாசா அரினா தூவிப் பிசைந்தால் இறுகிவிடும்.

பிள்ளையார் சதுர்த்திக் கொழுக்கட்டைக்குக் கிளறும் மேல்மாவின் பதம்தான் குறி. எலுமிச்சையில் பாதி அளவு உருட்டி நசுக்குங்கள்: ஓரம் விரிசல் விட்டால் நீர் போதவில்லை, கையில் ஒட்டினால் நீர் அதிகம்.

பிரஸ் வாங்காமல் கையாலேயே தட்ட முடியுமா?
(திருச்சி வாசகி)

முடியும். குவாத்தமாலாவில் இன்றும் கைகளுக்கிடையே தட்டியே செய்கிறார்கள். அவர்களுடையது சிறிது, கனமானது. கையை நனைத்து, உருண்டையை ஒரு கையிலிருந்து மறுகைக்குத் தட்டி மாற்றிக்கொண்டே திருப்ப வேண்டும். தொடக்கத்தில் 3, 4 மில்லிமீட்டர் கனத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மெக்சிகோவின் தென்பகுதியில் வாழையிலை அல்லது பிளாஸ்டிக் வட்டத்தின் மேல் உருண்டையை வைத்து, ஒரு கையை ஓரத்தில் அணையாக வைத்து, மறுகை விரல்களால் அழுத்தித் திருப்பும் முறையும் உண்டு. புதியவர்களுக்கு இதையே சொல்வோம், ஓரம் கிழியாது.

பிரஸ் என்றால் 30 கிராம் உருண்டை, 14 செ.மீ. அகலம், 2 மில்லிமீட்டருக்குள் கனம். இரண்டு பிளாஸ்டிக் தாள்களுக்கு நடுவே லேசாக அழுத்தி, பாதி திருப்பி, மறுபடி அழுத்துங்கள். ஒரே அழுத்தில் கீல் பக்கம் தடித்துவிடும். மேல் தாளை உரித்து, மாவைத் திறந்த கையில் கவிழ்த்து, அடித்தாளையும் உரியுங்கள். எப்போதும் தாளைத்தான் மாவிலிருந்து உரிக்க வேண்டும். மாவைத் தாளிலிருந்து இழுத்தால் கிழியும். பிறகு தொங்கும் ஓரம் முதலில் கல்லைத் தொடும்படி சாய்த்து, கையைப் பின்னால் இழுத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து போட்டால் சுருக்கம் விழும். சுருக்கம் விழுந்தது உப்பாது.

என்ன செய்தாலும் உப்புவதில்லை!
(கனடா வாசகி)

முதல் பக்கத்தை அதிக நேரம் விடுகிறீர்கள் என்று நினைக்கிறோம். மூன்று கட்டமாக, இரண்டு முறை திருப்பிச் சுட வேண்டும். முதலில் 15–20 விநாடி: ஓரம் நிறம் மாறி, தள்ளினால் நகர வேண்டும், அவ்வளவே. திருப்பி 45–60 விநாடி: அடியில் பழுப்புப் புள்ளிகள் விழும். மறுபடி திருப்பினால் 15–30 விநாடிக்குள் உப்பும். முதல் பக்கம் லேசாக மட்டும் உலர்ந்து மேலே ஒரு ஏடு படிகிறது. உள்ளே எழும் நீராவி அதன் கீழ் அடைபட்டுத் தூக்குகிறது. அந்த முதல் பக்கத்தை ஒரு நிமிடம் விட்டால் ஈரம் போய்விடும், தூக்க ஆவி இருக்காது.

கல்லின் சூடு அடுத்த சந்தேகம். 230 முதல் 260 டிகிரி செல்சியஸ் வேண்டும். குறைந்தால் மாவு மெதுவாகக் காய்ந்து அட்டையாகும். மிஞ்சினால் போட்டவுடன் சிறு கொப்புளங்களாக வெடித்து ஆவி வெளியேறிவிடும். இரும்புத் தோசைக்கல் நன்றாகவே உதவும், ஆனால் எண்ணெய் தடவாதீர்கள். அங்கே கொமால் எனப்படும் மண் சட்டியின் மேல் சுண்ணாம்புக் கரைசல் பூசிக் காயவைப்பார்கள். மாவு ஒட்டாமலிருக்க அந்தப் பூச்சே போதும்.

இரண்டாவது முறை திருப்பிய பின் மடித்த துணியால் நடுவில் மெல்லத் தட்டிப் பாருங்கள். உப்பினால் கல்யாணத்துக்குத் தயார் என்று மெக்சிகோவில் கேலி பேசுவார்கள். உப்பாததும் சாப்பிடத்தக்கதே.

உப்பு எவ்வளவு?
(சேலம் வாசகர்)

மரபான டோர்ட்டியாவில் உப்பு இல்லை. தொட்டுக்கொள்ளும் காரச் சட்னியான சல்சாவிலும் பீன்ஸிலும் இருப்பது போதும்.

சுண்ணாம்பு முறை ருசிக்காக மட்டுமா, சத்துக்கும் உண்டா?
(சென்னை வாசகி)

சத்துக்கும் உண்டு. மக்காச்சோளத்திலுள்ள நியாசின் என்ற பி3 வைட்டமின் உடலால் எடுக்க முடியாதபடி கட்டுண்டு கிடக்கிறது. சுண்ணாம்பு அதை விடுவிக்கிறது. கொலம்பஸுக்குப் பின் மணி ஐரோப்பாவுக்குப் போனது, சுண்ணாம்புப் பக்குவம் கூடப் போகவில்லை. மக்காச்சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளைத் தோல் வெடித்து, வயிறு கெட்டு, புத்தி பேதலிக்கும் பெலாக்ரா பிடித்தது. 1735இல் ஸ்பெயினின் அஸ்தூரியாஸில் கஸ்பார் கசால் என்ற மருத்துவர் அதை முதலில் விவரித்தார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென்மாநிலங்களிலும் அது பரவியபோது, தொற்றல்ல, உணவுக் குறையே காரணம் என்று ஜோசப் கோல்ட்பெர்கர் என்ற மருத்துவர் காட்டினார். டோர்ட்டியா தின்ற மெக்சிகோ நாட்டுப்புறத்தில் அந்த நோய் அரிதாகவே இருந்தது.

சுட்டதும் விறைத்துவிடுகிறது. மிச்சத்தை என்ன செய்வது?
(யாழ்ப்பாண வாசகர்)

சுட்டவுடன் தட்டில் பரப்பாதீர்கள். துணி விரித்த கூடையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மூடி, பத்து நிமிடம் விடுங்கள். தன் ஆவியிலேயே அது மிருதுவாகும். சூடான முதல் ஒன்றைத் தனியாகச் சாப்பிட்டுவிட்டு “விறைப்பாக இருக்கிறது” என்று எழுதுபவர்கள் நிறைய. மிச்சமானதைப் பையில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்து, தண்ணீர் தெளித்து, காய்ந்த கல்லில் சூடாக்கலாம். பிசைந்த மாசா ஃபிரிட்ஜிலும் இரண்டு நாளுக்கு மேல் தாங்காது, புளித்துவிடும்.

பழையதை எட்டாக வெட்டிப் பொரித்தால் தொத்தோப்போஸ். அதைச் சல்சாவில் புரட்டினால் சிலாகிலெஸ். பொரிக்க முந்தின நாளையதை எடுங்கள். அன்றைக்குச் சுட்டதில் ஈரம் மிச்சமிருக்கும், எண்ணெய் குடித்துத் தொய்ந்துவிடும்.