வாசகர் கேள்வி – பதில்: நோய்க்கால உதவிச் சங்கம் நிலைக்க வழி என்ன?

கேள்வி: பாப்பாரப்பட்டிப் பக்கம் புளி தட்டும் பெண்கள் 60 பேர் சேர்ந்து, ஆளுக்கு மாதம் 50 ரூபாய் சந்தா கட்டுகிறோம். நோயால் வேலைக்குப் போக முடியாதவருக்கு நாளொன்றுக்கு 200 ரூபாய் தருகிறோம். மீதியைப் பொங்கலுக்குப் பங்கு பிரித்துக்கொள்கிறோம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கும்போது இச்சங்கம் தேவையா? தேவையென்றால், நீடிக்க என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, தருமபுரி மாவட்டம்

பதில்: கட்டாயம் தேவை. அந்த அட்டை மருத்துவமனைச் செலவை ஏற்கும். இழந்த கூலியைத் தராது. ஈ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் உள்ள ஓசூர் ஆலைத் தொழிலாளிக்கு நோய்க்காலத்தில் கூலியில் 70 சதவீதம் கிடைக்கிறது; வீட்டில் அமர்ந்து புளி தட்டும் பெண்ணுக்கு அப்படி எதுவும் இல்லை.

ஆனால் பொங்கல் பங்கீட்டை நிறுத்திவிடுங்கள். உங்கள் ஆண்டு வரவு 36,000 ரூபாய். அது 180 நாட்களுக்கு, அதாவது உறுப்பினருக்குச் சராசரியாக மூன்று நாட்களுக்குத்தான் போதும். ஒரே தெருவில் டெங்கு பரவி ஆறு பேர் பத்து நாட்கள் வீதம் படுத்துவிட்டால், ஆண்டு வரவில் மூன்றில் ஒரு பங்கு ஒரே மாதத்தில் கரைந்துவிடும். நல்ல ஆண்டில் மிஞ்சியது கையிருப்பாக இருந்தால்தான் அத்தகைய ஆண்டைத் தாண்ட முடியும். பக்கத்து ஊர்க் குழுக்களோடு சேர்ந்து, சந்தாவில் ஒரு பகுதியைப் பொது நிதியாக வைப்பது இன்னும் நல்லது.

மெல்ல வரும் ஆபத்து வயது. இன்று முப்பதுகளில் இருப்பவர்கள் ஐம்பதைத் தாண்டும்போது நோய் நாட்கள் கூடும், சந்தாவோ அதே 50 ரூபாயாக நிற்கும். இளையவர்கள் சேராவிட்டால் நிதி வற்றிவிடும். இங்கிலாந்தில் 1810-இல் தொடங்கிய மான்செஸ்டர் யூனிட்டி என்ற உழைப்பாளர் சங்கத்துக்கும் இதே சிக்கல் வந்தது. அதன் செயலாளர் ஹென்றி ராட்கிளிஃப், கிளைகளின் பதிவேடுகளைத் திரட்டி, எந்த வயதில் எவ்வளவு காலம் நோயில் கழிகிறது என்ற அட்டவணையை 1850-இல் வெளியிட்டார். சேரும் வயதுக்கேற்ற சந்தா முறைக்கு மாறிய அச்சங்கம் இன்றும் இயங்குகிறது. நீங்களும் உதவி பெற்றவரின் வயதையும் நாட்களையும் பேரேட்டில் தனியே குறித்து வாருங்கள். மகளிர் சுயஉதவிக் குழுத் திட்டம் 1989-இல் தமிழகத்தில் முதலில் வேரூன்றிய மாவட்டம் உங்களுடையது. கணக்கு எழுதத் தெரிந்த பெண்களுக்கு அங்கே பஞ்சமில்லை.

வெளிப் பணத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள். பக்கத்துக் கர்நாடகத்தில் கூட்டுறவு விவசாயிகளுக்காக 2003-இல் நடைமுறைக்கு வந்த யஷஸ்வினி திட்டம் பலருடைய அறுவைச் சிகிச்சைக்கு உதவியது. இருந்தும், அரசு அதை வேறு திட்டத்தோடு இணைத்தபோது 2018-இல் நின்று, 2022-இல்தான் மீண்டும் வந்தது.

விதிமுறையில் ‘காப்பீடு’ என்று எழுதாமல், ‘நிதி இருப்புக்கு உட்பட்ட உதவி’ என்று எழுதுங்கள். 1938-ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டப்படி, பதிவு பெற்ற நிறுவனமே காப்பீடு நடத்தலாம்.

கேள்வி: பொய்யாக நோய் சொல்வோரை எப்படித் தடுப்பது?

பதில்: முதல் இரண்டு நாட்களுக்கு உதவி இல்லை என்று வையுங்கள். மூன்றாம் நாள் உறுப்பினர் இருவர் வீட்டுக்குச் சென்று நலம் விசாரித்து, அங்கேயே பணத்தைக் கையில் கொடுக்கட்டும்.