சரிவுக்கூரை அறை படுக்கையறை ஆகுமா? (லண்டன் பகிர்வு வீடு)

நீங்கள் எழுதியது: உரிமம் பெற்ற பகிர்வு வீடு, ஐந்து பேர், 2.9க்கு 2.4 மீட்டர் அறை, அதன் நீளத்தில் ஒரு முனையில் அரை மீட்டர் பட்டைக்குக் கூரை மிகத் தாழ்வு; இதில் ஒருவர் தூங்கலாமா? “6.96 சதுர மீட்டர், சட்டத்துக்குப் போதும்” என்கிறார் வீட்டுக்காரர். அவர் பெருக்கியது சரி, அளந்ததுதான் தப்பு.

இங்கிலாந்தில் 2018 அக்டோபரிலிருந்து இத்தகைய வீட்டில் பத்து வயதைத் தாண்டிய ஒருவர் தூங்கும் அறைக்குக் குறைந்தது 6.51 சதுர மீட்டர் வேண்டும், இருவருக்கு 10.22. கூரை 1.5 மீட்டருக்குத் தாழ்ந்திருக்கும் தரை கணக்கில் வராது. உங்கள் சிக்கலே இதுதான்.

1.5 மீட்டர் குச்சி ஒன்றை நிமிர்த்திப் பிடித்துச் சரிவை நோக்கி நகர்த்துங்கள். முனை கூரையில் இடிக்கும் இடத்தில் தரையில் டேப் ஒட்டி, அங்கிருந்து எதிர்ச்சுவர் வரை அளந்து பாருங்கள். நீங்கள் சொன்ன அரை மீட்டர் பட்டை போனால் 2.4 x 2.4, அதாவது 5.76. பெரியவருக்கு ஆகாது. பத்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மட்டும் ஆகும் (4.64 போதும்). கட்டில், பீரோ போட்டுப் பார்த்தால் அதுவும் நெருக்கடிதான்.

உள்ளூர் கவுன்சில் இதைவிடக் கூடுதல் அளவு வைத்திருக்கலாம். அவர்கள் இணையதளத்தில் பாருங்கள். டேப்போடு படமெடுத்து, அளவுகளையும் எழுதி, கவுன்சிலின் தனியார் வாடகைப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். அதுவரை புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.