மிஷனெரிக் குடும்பம், அனுப்பிய சபை, தாங்குகிறவர்கள்: கேள்வி பதில்

எங்கள் சபையின் மிஷன் குழுவில் பல வருடங்களாக மிஷனெரிக் குடும்பங்களின் கடிதங்களையும் கணக்குகளையும் பார்த்து வருகிறேன். "எங்களை அனுப்பிய சபை இது, நாங்கள் செய்யும் ஊழியம் இது" என்று தாங்குகிறவர்களுக்கு, அதாவது காணிக்கையாலும் ஜெபத்தாலும் உதவுகிறவர்களுக்கு, விளக்குவதில் வரும் சந்தேகங்களைக் கேட்கச் சொல்லியிருந்தேன். மிஷனெரிகளும் கேட்டிருக்கிறார்கள், காணிக்கை அனுப்புகிறவர்களும் கேட்டிருக்கிறார்கள். இரண்டு பக்கத்தாருக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

கேள்வி: ஐயா, குடும்பமாகப் பணித்தளத்துக்குப் போகத் தயாராகிறோம். பல சபைகளில் பேச அழைக்கிறார்கள். அனுப்பும் சபை, மிஷன் சங்கம், தாங்கும் சபைகள் என்று நான் ஆரம்பித்தாலே கேட்பவர்கள் குழம்பிவிடுகிறார்கள். எளிமையாக எப்படிச் சொல்வது?

பதில்: அமைப்பின் பெயர்களை அப்புறம் சொல்லலாம் தம்பி. முதலில் மூன்று விஷயத்தைச் சொல்லுங்கள். உங்களைச் சோதித்தறிந்து அனுப்பியது யார்? அங்கே போனபின் யாருக்குக் கீழே வேலை செய்கிறீர்கள்? செலவுக்குக் கொடுப்பது யார்? இந்த மூன்றுக்கும் ஒரே பதில் வரவேண்டியதில்லை. ஒரே பதில் வரும் என்று ஜனங்கள் நினைப்பதால்தான் குழப்பமே.

பவுலையே எடுத்துக்கொள்ளுங்கள். அப்போஸ்தலர் 13இல் பர்னபாவையும் சவுலையும் (பவுல்தான்) உபவாசித்து, ஜெபித்து, கைகளை வைத்து அனுப்பியது அந்தியோகியா சபை. அந்தச் சபை எவ்வளவு பணம் கொடுத்தது என்று அங்கே ஒரு வார்த்தையும் இல்லை. பின்னாளில் பவுல் தெசலோனிக்கேயில் இருந்தபோதும், காவலில் இருந்தபோதும் பணம் அனுப்பியது பிலிப்பி சபை. அதற்காகப் பிலிப்பியார் "பவுலை நாங்கள்தான் அனுப்பினோம்" என்று சொல்லிக்கொள்ளவில்லை.

நமக்குத் தெரிந்த தரங்கம்பாடியும் அப்படித்தான். 1706இல் சீகன்பால்கும் புளூட்சோவும் வந்து இறங்கினார்கள். இருவரும் ஜெர்மானியர்கள். அனுப்பியது டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடெரிக். அவர்களுடைய கடிதங்களை அச்சிட்டு ஐரோப்பாவில் தாங்குகிறவர்களுக்குக் கொண்டு சேர்த்தது ஜெர்மனியின் ஹாலே நகரத்தார். அச்சு இயந்திரம் கொடுத்து உதவியது லண்டனில் இருந்த எஸ்.பி.சி.கே. என்ற கிறிஸ்தவ அறிவு பரப்பும் சங்கம். இப்படி ஒன்றைச் சொல்லிவிட்டு உங்கள் கதைக்கு வாருங்கள், சட்டென்று புரிந்துவிடும்.

கேள்வி: நாங்கள் தாங்கும் ஒரு குடும்பத்துக்கு அனுப்பிய சபையைவிட எங்கள் சபைதான் அதிகம் கொடுக்கிறது. ஆனால் இடம் மாறுவதோ, வேலை மாறுவதோ அந்தச் சபையைக் கேட்டுத்தான் நடக்கிறது. எங்களுக்குத் தகவல் மட்டும் வருகிறது. இது நியாயமா?

பதில்: நியாயம்தான் என்பது என் எண்ணம். கொஞ்சம் கசப்பாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் குடும்பத்தைச் சிறு வயதிலிருந்து பார்த்தவர்கள் அனுப்பிய சபையில் இருக்கிறார்கள். கணவன் மனைவிக்குள் பிணக்கு என்றால் தொலைபேசியில் அழைத்து நேராகக் கேட்கும் உரிமை அந்த மூப்பர்களுக்கு உண்டு. உபதேசத்தில் பிசகினால் கண்டிக்க வேண்டியதும், யாராவது படுக்கையில் விழுந்தால் ஊருக்கு அழைத்துக்கொள்ள வேண்டியதும், திரும்பி வந்தால் குடியிருக்க வீடு பார்க்க வேண்டியதும் அவர்கள் தலையில்தான். உங்கள் சபை இதையெல்லாம் சுமக்கத் தயாரா? தயார் என்றால் அந்தச் சபையோடு பேசிப் பொறுப்பைப் பகிர்ந்துகொள்ளலாம். தொகையைக் காட்டி முடிவெடுக்கும் உரிமை கேட்டால், அதிகம் கொடுக்கும் பத்து பேருக்குப் பத்து விதமாகப் பதில் சொல்லிக்கொண்டே அந்த மிஷனெரி ஓய்ந்துவிடுவார்.

அதே சமயம், தகவல் "மட்டும்" வருகிறது என்கிறீர்களே, முடிவு எடுத்தபின் வருகிறதா, அதற்கு முன்பே வருகிறதா என்று பாருங்கள். பெரிய மாற்றம் என்றால் முன்கூட்டியே உங்கள் காதில் போட வேண்டும். அதைக் கேட்டு வாங்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

கேள்வி: எங்கள் அறிமுகக் கடிதம் இப்படித் தொடங்குகிறது: "கர்த்தருடைய மகா கிருபையினால், அறுவடை மிகுதியாயுள்ள எட்டப்படாத மக்கள் மத்தியில் ஆத்தும ஆதாயப் பணியில் வல்லமையாகப் பயன்படுத்தப்பட்டு வருகிறோம்." படித்துவிட்டு ஒருவர், "சரி, நீங்கள் அங்கே என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டார். மனது கஷ்டமாகிவிட்டது.

பதில்: அவர் உங்களுக்கு நல்லதுதான் செய்திருக்கிறார் சகோதரி. அந்த வாக்கியத்தில் ஊர் பெயரை மட்டும் மாற்றினால் எந்த மிஷனெரியும் எழுதிக்கொள்ளலாம். நீங்கள் அனுப்பிய மற்ற விவரங்களை வைத்து நான் எழுதிப் பார்த்தது இது:

"நாங்கள் திருமணமானதிலிருந்து ஒரே சபையில் இருக்கிறோம். ஞாயிறு பள்ளியிலும் வாலிபர் கூட்டத்திலும் எங்களைப் பார்த்துவந்த மூப்பர்கள் எங்கள் அழைப்பை விசாரித்து, பயிற்சிக்கு அனுப்பி, பிறகு கைகளை வைத்து ஜெபித்து அனுப்பினார்கள். இப்போது மலைக் கிராமம் ஒன்றில் இருக்கிறோம். காலையில் மொழி கற்கிறோம். என் கணவர் வேதாகம மொழிபெயர்ப்புக் குழுவோடு உட்கார்ந்து வரைவுகளைச் சரிபார்க்கிறார். நான் பெண்களுக்கு அவர்கள் மொழியிலேயே எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்கிறேன். இங்கே ஒரு சிறிய சபை ஏற்கெனவே இருக்கிறது. அதன் போதகர் இந்த ஊர்க்காரர். ஞானஸ்நானம் கொடுப்பதும் சபையை நடத்துவதும் அவர்; நாங்கள் அவருக்கு உதவியாக இருக்கிறோம்."

கடைசி இரண்டு வாக்கியங்களை எடுத்துவிடாதீர்கள். உள்ளூர்ப் போதகர் செய்ததெல்லாம் கடிதத்தில் மிஷனெரி கணக்கில் ஏறிவிடுவது நம்மிடையே சர்வ சாதாரணம். அவரும் என்றாவது ஒருநாள் அந்தக் கடிதத்தைப் படிப்பார்.

கேள்வி: எங்களை முன்பின் தெரியாத ஒரு சபைக்கு எழுதப்போகிறோம். ஏதாவது மாதிரி உண்டா?

பதில்: ரோமர் 15ஐ இந்தக் கண்ணோடு ஒருமுறை படியுங்கள். பவுல் அதுவரை ரோமாபுரிக்குப் போனதில்லை. ஸ்பானியாவுக்குப் போகும் வழியில் அவர்கள் தன்னை வழிவிட்டனுப்ப வேண்டும் என்பது அவருடைய எதிர்பார்ப்பு. எருசலேம் தொடங்கி இல்லிரிக்கம் வரை செய்த வேலையைச் சொல்கிறார். இத்தனை நாள் ஏன் வரவில்லை என்பதற்குக் காரணம் சொல்கிறார். மக்கெதோனியாவும் அகாயாவும் கொடுத்த பணத்தை முதலில் எருசலேமில் சேர்க்க வேண்டும், அதன்பின்தான் உங்களிடம் வருவேன் என்கிறார். எருசலேமில் தனக்கு என்ன ஆபத்து இருக்கிறது என்று சொல்லி ஜெபம் கேட்கிறார். செய்தது, செய்யப்போவது, தேவை, ஆபத்து, எல்லாம் வந்துவிட்டது. தொகை மட்டும் எழுதவில்லை. இந்தக் காலத்தில் நீங்கள் அதையும் எழுத வேண்டியிருக்கும்.

கேள்வி: மூன்று வருடமாகிறது, ஒருவர்கூட ஞானஸ்நானம் எடுக்கவில்லை. கடிதத்தில் என்ன எழுதுவது?

பதில்: அதையே எழுதுங்கள். இங்கிலாந்து மிஷனெரி வில்லியம் கேரி வங்காளத்துக்கு வந்தது 1793இல். அவருடைய ஊழியத்தில் முதல் வங்காளியாகக் கிருஷ்ண பால் ஞானஸ்நானம் பெற்றது 1800 டிசம்பரில். ஏழு வருடம். அத்தனை காலமும் இங்கிலாந்தில் இருந்தவர்களுக்குக் கடிதம் போய்க்கொண்டுதான் இருந்தது.

எண்ணிக்கை இல்லாவிட்டாலும் எழுத விஷயம் இருக்கும். மொழியில் எதுவரை வந்திருக்கிறீர்கள், யார் வீட்டில் உட்காரச் சொல்கிறார்கள், யார் இன்னும் கதவைத் திறக்கவில்லை, எல்லாம் செய்திதான். கூட்டத்தில் கை தூக்கியவர்களை எண்ணி எழுதும் பழக்கத்துக்கு மட்டும் போகாதீர்கள். அடுத்த வருடம் தாங்குகிறவர் ஒருவர் "அவர்கள் இப்போது எங்கே?" என்று கேட்பார்.

கேள்வி: நாங்கள் தாங்கும் அண்ணன் ஒருவர் விசா காரணமாகப் பணித்தளத்தில் ஒரு வேலையில் சேர்ந்திருக்கிறார். சம்பளமும் வருகிறது. அவருக்கு நாங்கள் ஏன் கொடுக்க வேண்டும் என்று எங்கள் குழுவில் கேட்கிறார்கள்.

பதில்: கேட்பதில் தப்பில்லை, சொல்லாமல் இருப்பதுதான் தப்பு. கேரிக்கும் இது நேர்ந்தது. பிழைப்புக்காக அவுரித் தொழிற்சாலை ஒன்றில் மேலாளர் ஆனார். இனி எனக்குப் பணம் வேண்டாம் என்று அவரே எழுதியும், வியாபாரத்தில் மூழ்கிவிடாதே என்று அவரை அனுப்பிய சங்கத்தாரிடமிருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அவருக்கு அது வலித்தது.

உங்கள் அண்ணனிடம் சம்பளம் எவ்வளவு, அதில் எந்தெந்தச் செலவு தீர்கிறது, மீதிக்கு எவ்வளவு வேண்டும் என்று கேளுங்கள். அனுப்பிய சபைக்கு அந்த விவரம் தெரிந்திருக்க வேண்டும். சம்பளமே போதும் என்றால் காணிக்கையைக் குறைக்கும்படி அவரே சொல்வதுதான் அழகு. பவுலும் கூடாரம் தைத்துக்கொண்டே பிலிப்பியாரிடம் காணிக்கை வாங்கியவர்தான், ஆகவே இரண்டும் சேர்ந்து வரக்கூடாது என்று சட்டமில்லை.

கேள்வி: கணவரை "மிஷனெரி" என்றும் என்னை "அவர் மனைவி" என்றும் அறிமுகப்படுத்துகிறார்கள். நானும்தான் பயிற்சி பெற்றேன்.

பதில்: அனுப்பும் ஆராதனையில் இருவர் மேலும் கை வைத்தார்கள் அல்லவா? அப்படியானால் கடிதத்திலும் இருவர் வேலையையும் தனித்தனியாக எழுதுங்கள் அம்மா. அப்பொல்லோ என்ற பிரசங்கிக்குத் தேவனுடைய மார்க்கத்தை விவரமாக விளக்கியது ஆக்கில்லா மட்டும் இல்லை, அவர் மனைவி பிரிஸ்கில்லாளும்தான். இப்போது பிள்ளைகள் சிறியவர்கள், வீட்டில்தான் இருக்கிறேன் என்றால் அதையும் கூச்சப்படாமல் எழுதுங்கள். ஊழியம் மாதிரித் தோன்ற வேண்டும் என்று எதையாவது சேர்க்க வேண்டாம்.

கேள்வி: ஊர் பெயரைச் சொல்ல முடியாத இடத்தில் இருக்கிறோம். மறைக்கிறோம் என்று சிலர் சந்தேகப்படுகிறார்கள்.

பதில்: அனுப்பிய சபையின் பொறுப்பாளர்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கட்டும். மற்றவர்களுக்கு, "விவரம் எங்கள் சபையிடம் இருக்கிறது, உறுதிசெய்ய வேண்டுமானால் அவர்களைக் கேளுங்கள்" என்று எழுதுங்கள். அப்புறம், உங்கள் வீட்டுக்கு வரும் விசுவாசிகளின் முகம் தெரியும் படங்களைப் போடாதீர்கள். கடிதம் உங்களைத் தாங்குகிறவரோடு நிற்பதில்லை. அவர் யாருக்கோ அனுப்புவார், அவர் ஸ்டேட்டஸில் வைப்பார். நீங்கள் நாளைக்கே வேறு இடம் போகலாம், அந்த விசுவாசிகள் அங்கேயேதான் இருக்க வேண்டும்.

கேள்வி: காணிக்கையில் மிஷன் சங்கம் நிர்வாகத்துக்கென்று ஒரு பங்கு எடுக்கிறது. இதைச் சொல்லலாமா?

பதில்: கேட்கும் முன்பே சொல்லுங்கள். எத்தனை சதவீதம், எதற்கு என்று ஒரே வரி போதும்.

கேள்வி: எங்களை அனுப்பிய போதகர் ஓய்வு பெற்றுவிட்டார். புதியவருக்கு எங்களைத் தெரியாது. கடிதத்துக்குப் பதிலே இல்லை. தாங்குகிறவர்களிடம் இன்னும் "எங்கள் அனுப்பும் சபை" என்று சொல்வது எனக்கே உறுத்துகிறது.

பதில்: உறுத்த வேண்டிய விஷயம்தான். சபை அனுப்பியதா, போதகர் அனுப்பினாரா என்பது இப்போதுதான் தெரியவரும். முதலில் மூப்பர்களில் உங்களை அறிந்த ஒருவரைப் பிடியுங்கள். அனுப்பியபோது செய்த தீர்மானம் எழுத்தில் இருந்தால் அதைப் புதிய போதகரிடம் காட்டச் சொல்லுங்கள். அடுத்த விடுமுறையில் முதல் ஞாயிறு அந்தச் சபையில்தான் நிற்க வேண்டும். பவுலும் பர்னபாவும் திரும்பி வந்து, சபையைக் கூட்டி எல்லாவற்றையும் அறிவித்துவிட்டு, அங்கே நெடுநாள் தங்கினார்கள் என்று அப்போஸ்தலர் 14 சொல்கிறது. நம் ஆட்கள் ஒரு ஞாயிறு காட்சிப்படம் போட்டுவிட்டு அடுத்த ஊருக்கு ஓடிவிடுகிறார்கள்.

இவ்வளவும் செய்தும் ஒட்டவில்லை என்றால், உங்களைக் கேள்வி கேட்கவும் கவனிக்கவும் தயாராக இருக்கும் வேறொரு சபையின் பொறுப்புக்கு முறையாக மாறுங்கள். பழைய சபையைக் குறை சொல்லாமல் இரண்டு வரியில் தாங்குகிறவர்கள் எல்லாருக்கும் தெரிவியுங்கள். பணம் அனுப்பும் கணக்கு மாறுகிறதென்றால் அந்தக் கடிதத்தில் புதிய சபையின் மூப்பர் ஒருவரும் கையெழுத்திடட்டும்.