பாரிசவாதத்துக்குப் பின் பல்லாங்குழி – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

எங்கள் அம்மாவுக்கு 58 வயது. முப்பது வருசத்துக்கு மேல் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுத்தவர். ஏழு மாதத்துக்கு முன் பாரிசவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. இப்போது கைத்தடியோடு நடக்கிறார். வலது கை விரல்களை மடக்குகிறார், விரிக்கத்தான் கஷ்டம். நாங்கள் சொல்வது விளங்குகிறது, பேச்சு மட்டும் ஓரிரு சொல்லோடு நின்றுவிடும். நாள் முழுக்க இஸ்தோப்பில் (வீட்டு முன்திண்ணையில்) உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கிளினிக்கில் "ஏதாவது பொழுதுபோக்குக் குடுங்க" என்றார்கள். நிறம் தீட்டும் கொப்பியும் கலர் பென்சிலும் வாங்கிக் கொடுத்தேன், தள்ளிவிட்டார். என்ன பிடிக்கும் என்று கேட்டால் "ஒன்னுமில்ல" என்கிறார். பொழுதுபோக்கையே சிகிச்சையாகச் செய்யும் முறை வெளிநாடுகளில் இருக்கிறதாமே, அதை லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) செய்ய முடியுமா?

ம., பொகவந்தலாவை

அன்புள்ள ம.,

முடியும். அமெரிக்காவில் 1981 முதல் இந்தத் தொழிலுக்கென்றே சான்றிதழ் வழங்கும் சபை இருக்கிறது. ஆனால் அதன் அடிப்படைக்குப் பெரிய கட்டடமோ கருவியோ தேவையில்லை. ஆளை அறிவது, திட்டமிடுவது, செய்வது, பலனைப் பார்த்து மாற்றுவது என்று நான்கு படிகள். பெரும்பாலான வீடுகளில் முதல் படியைத் தாண்டிக் குதித்துவிடுகிறோம். நிறம் தீட்டும் கொப்பியில் நடந்ததும் அதுதான். அம்மா மறுத்தது சிகிச்சையை அல்ல, சின்னப் பிள்ளையாக நடத்தப்படுவதை. அந்த மறுப்பை நல்ல அறிகுறியாகவே எடுத்துக்கொள்ளுங்கள். தெரிவு செய்யும் மனம் இன்னும் இருக்கிறது.

"ஒன்னுமில்ல" என்பதையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். விடியப் பிரட்டுக்கு (வேலைக்குப் பேர் பதியும் இடத்துக்கு) போய், மலையேறி, திரும்பி வந்து அடுப்பை மூட்டிய ஒருவரிடம் பொழுதுபோக்கு என்ன என்று கேட்டால் வேறென்ன சொல்வார்? கேள்வியை மாற்றுங்கள். போயா லீவில் பின்னேரம் யார் வீட்டில் கூடுவீர்கள்? குமரியாக இருந்தபோது என்ன விளையாடினீர்கள்? திருவிழாவில் கும்மிக்கு நின்றீர்களா? பேச்சு குறைந்தவர் என்பதால் ஆம், இல்லை என்று தலையசைத்துப் பதில் சொல்லும்படி கேளுங்கள், அல்லது இரண்டு பொருளை முன்னால் வைத்துத் தொடச் சொல்லுங்கள். அம்மாவின் வயதுடைய பக்கத்து லயத்து ஆட்களிடமும் விசாரியுங்கள். ஒரே நாளில் எல்லாம் வராது.

பதிலில் பல்லாங்குழி வந்தது என்று வைத்துக்கொள்வோம். அதைக் கொடுக்கும் முன் பிரித்துப் பார்க்க வேண்டும். அள்ளுவது, உள்ளங்கையில் வைத்திருப்பது, ஒவ்வொன்றாக விடுவது, எண்ணுவது, அடுத்த குழியை யோசிப்பது, முறை வரும்வரை காத்திருப்பது, இத்தனையும் அதில் இருக்கின்றன. பாரிசவாதம் வந்த கைக்குப் பிடிப்பதைவிட விடுவதுதான் கடினம். ஏனென்றால் மடக்கும் தசைகள் இறுகி, விரிக்கும் தசைகள் பலமிழந்திருக்கும். ஆகவே உள்ளங்கையிலிருந்து ஒவ்வொன்றாகக் குழியில் போடுவது கடைசிப் படி. முதல் நாளே அதைக் கேட்டால் தோல்விதான் வரும், பலகையை மறுபடி தொடமாட்டார்.

பலகை இல்லாவிட்டால் முப்பது முட்டை வைக்கும் அட்டை போதும். வரிசைக்கு ஆறு குழியாக இரண்டு வரிசை வெட்டி, பக்கத்துக்கு ஒரு குழி ஒட்டினால் 7 + 7. கீழே ஈரத்துணி விரித்தால் வழுக்காது. புளியங்கொட்டை இப்போதைக்குச் சிறிது. பெருவிரல் நுனியளவு கூழாங்கற்களை எடுங்கள். போளை உருண்டு விழும், அதைக் குனிந்து எடுக்கப் போய் அம்மா விழக்கூடும். குன்றிமணி நஞ்சு, பிள்ளைகள் இருக்கும் வீட்டில் வேண்டவே வேண்டாம்.

சாய்வுள்ள கதிரையில் இரண்டு பாதமும் தரையில் படிய உட்காரட்டும். மேசை முழங்கை உயரத்தில் இருக்கட்டும். முதல் வாரம் வலது கை அட்டையைப் பிடித்துக்கொள்ள, இடது கை விளையாடட்டும். "சும்மா பிடித்துக்கொள்வதா" என்று நினைக்காதீர்கள். பயன்படுத்தாத கையை மூளையும் மெல்லக் கைவிட்டுவிடும். அடுத்து, வலது கையால் கல்லை எடுத்து அகலமான பேசினில் விடுவது, அதன்பின் குழியில் ஒரு கல், கடைசியில்தான் முழு ஆட்டம். பத்து நிமிடத்தில் தொடங்கி, களைப்பைப் பார்த்து இருபது வரை கூட்டலாம். காலைப் பனி விலகி வெயில் வந்த நேரம் நல்லது. குளிரில் தசை இன்னும் இறுகும். தொடங்கும் முன் வலது கையை இளஞ்சூட்டு நீரில் ஐந்து நிமிடம் வைக்கலாம். ஆனால் சூட்டை உங்கள் கையால் பாருங்கள், அம்மாவின் வலது கைக்கு உணர்ச்சி மந்தமாக இருக்கலாம். அந்தக் கையைப் பிடித்து இழுத்துத் தூக்கவே கூடாது. தோள்மூட்டு விலகி வலி எடுத்தால் மாதக்கணக்கில் எல்லாம் நின்றுவிடும்.

வீட்டில் நடக்கும் தவறுகள் பெரும்பாலும் அன்பினால் வருபவை. கல் நழுவியதும் மகள் எடுத்துக் கொடுப்பாள், தம்பி வேண்டுமென்றே தோற்பான். இரண்டையும் அம்மா கண்டுபிடித்துவிடுவார். பத்து எண்ணும்வரை பொறுத்து, பிறகு கேட்டுவிட்டு உதவுங்கள். இன்னொன்றை அழுத்தியே சொல்கிறேன்: எண்ணிக்கையை அம்மா முன் வாசிக்காதீர்கள். கொழுந்தில் கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், என்று காலமெல்லாம் நிறுக்கப்பட்டவர் அவர். விளையாட்டும் தராசாகிவிட்டால் அது இன்னொரு வேலைதான். கொப்பியில் நீங்கள் மட்டும் குறியுங்கள்: எத்தனை நிமிடம், வலது கை என்ன செய்தது, யார் தொடங்கியது. மூன்றாவதுதான் எனக்கு மிக முக்கியம். "வா" என்று அம்மாவே அட்டையை எடுத்த நாள், கை எதுவும் முன்னேறாவிட்டாலும், முன்னேற்றம்தான். தானாக விரும்பித் தெரிந்தெடுப்பது இல்லாவிட்டால் இது வெறும் கைப்பயிற்சி.

பேச்சைப் பற்றி. வலப்பக்கம் விழுந்தால் அடிபட்டது மூளையின் இடப்பாதி, பெரும்பாலானோருக்குப் பேச்சும் அங்கேதான். ஆனால் பேச வராத பலருக்குப் பாட்டு வரும். இதை வைத்து ராகத்தோடு சொல்லைப் பழக்கும் சிகிச்சை முறையொன்று 1973 முதலே இருக்கிறது. அம்மா கும்மிக்கு நின்றவரென்றால் அவருக்குத் தெரிந்த தெம்மாங்கையோ தாலாட்டையோ நீங்கள் தொடங்கி, வரியின் கடைசிச் சொல்லை அவருக்கு விடுங்கள். அவருடைய இடது கையால் தாளம் தட்ட வையுங்கள். பாட்டு வந்ததும் பேச்சு வந்துவிடும் என்று எதிர்பார்த்து நெருக்க வேண்டாம்.

கன், பீட்டர்சன் என்ற இருவர் 1978இல் பொழுதுபோக்கைச் சிகிச்சையாக்கும் இந்தத் துறைக்கு ஒரு வரைபடம் தந்தார்கள். முதலில் குறைந்த திறனைச் சீர்படுத்துவது, பிறகு ஓய்வை எப்படிப் பயன்படுத்துவது என்று கற்பிப்பது, கடைசியில் அவர் தன் விருப்பப்படி கலந்துகொள்வது. படி ஏற ஏற உதவுபவர் பிடியைத் தளர்த்த வேண்டும். இஸ்தோப்பில் மகளோடு ஆடுவதோடு நின்றால் முதல் கட்டம்தான். பக்கத்துக் காம்பராக்காரரோடு ஆட வையுங்கள். பிள்ளைக்காம்பராவில் (தோட்டத்துப் பிள்ளைகள் காப்பகத்தில்) சிறுசுகளுக்கு அவர் ஆட்டம் பழக்கட்டும், அங்கே அவர் நோயாளி இல்லை. மாசியில் காமன் கூத்துக்குப் போக விரும்பினால் இப்போதே பாதையை நடந்து பாருங்கள்: எத்தனை படி, எங்கே கைப்பிடி இல்லை, கக்கூஸ் எவ்வளவு தூரம், கதிரையை யார் தூக்குவது. இரவு முழுக்க வேண்டாம், ஒரு மணி நேரம் போதும். கம்பளியும் டோர்ச்சும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பாரிசவாதத்துக்குப் பின் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. இரண்டு வாரத்துக்கு மேல் சாப்பாடு, தூக்கம் கெட்டு, எதிலும் நாட்டமில்லாமல் அழுதுகொண்டிருந்தால் அதைப் பல்லாங்குழியால் சரிசெய்யப் பார்க்காமல் கிளினிக்கில் சொல்லுங்கள், மருந்து இருக்கிறது. திடீரென்று முகம் கோணினால், பேச்சு இன்னும் குழறினால், மற்றப் பக்கமும் பலமிழந்தால் உடனே 1990 அம்புலன்சுக்கு அழையுங்கள். தோட்டத்து ரோட்டில் வண்டி வர நேரமாகும் என்பதால் பிரதான ரோட்டில் வழிகாட்ட ஒருவரை நிறுத்துங்கள். அடுத்த பிசியோதெரபி நாளில் இந்த அட்டையையும் கொப்பியையும் கொண்டுபோய்க் காட்டி, தோளுக்குத் தாங்கி வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆறு வாரத்தில் அம்மா ஒருமுறைகூடத் தானாகத் தொடங்காவிட்டால் ஆட்டம் தவறு, மறுபடி கேள்வியிலிருந்து ஆரம்பியுங்கள்.