இறக்குவது வேறு, பிரிப்பது வேறு

புன்செய் புளியம்பட்டியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "ஏழு பேர் உட்காரும் பெட்ரோல் வேனுங்க. 90,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு. குடும்பத்தோட தாளவாடி போறப்ப, திம்பம் பாதி ஏறினதுமே ஹீட் முள் மேல போகுது, கருகுன வாடை வருது. எஞ்சின் உறுமுது, வண்டி இழுக்கறதில்லை. கீழே ரோட்டுல உய்ங்னு ஒரு சத்தம் வேற. எஞ்சின், கியர்பாக்ஸ் ரெண்டையும் இறக்கணும்ங்கறாங்க. இறக்கிரலாமுங்களா?"

கொஞ்சம் பொறுங்கள். நீங்கள் எழுதியிருப்பதில் மூன்று தனித்தனிக் கோளாறு இருக்கிறது. ஒவ்வொன்றையும் பைசா செலவில்லாமல் நீங்களே பிரித்து அறியலாம்.

முதலில் சூடு. பண்ணாரியிலிருந்து திம்பத்துக்கு 27 கொண்டை ஊசி வளைவு. ஆள் நிறைந்த வேன் முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும்தான் ஊர்ந்து ஏறும். எதிர்க்காற்று கிடைக்காது, ரேடியேட்டருக்கு ஃபேன் ஒன்றுதான் துணை. ரேடியேட்டருக்குள் என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள்? நம் பக்கத்துப் போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு. வெந்நீர் போடும் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியுமே, அதே சுண்ணாம்பு ரேடியேட்டர் குழாயிலும் படியும். சமீபத்தில் ஒரு வேனின் ரேடியேட்டரைப் பிரித்தபோது, பாதிக் குழாய்களில் ஈர்க்குச்சி கூட நுழையவில்லை. வாங்கிய நாள் முதல் தோட்டத்துத் தண்ணீர்தான் ஊற்றினாராம்.

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். தண்ணீர் செம்மண் நிறத்தில் இருந்தால் ரேடியேட்டரைச் சுத்தம் செய்து, கூலன்ட் ஊற்றி, ஃபேன் ஓடுகிறதா என்று பார்த்தாலே பெரும்பாலும் தீர்ந்துவிடும். கசிவு எதுவும் தெரியாமல் தண்ணீர் குறைந்தாலோ, ஆயில் மூடிக்கு அடியிலும் ஆயில் குச்சியிலும் பால் காபி நிறத்தில் நுரை இருந்தாலோ ஹெட் கேஸ்கட் (எஞ்சினின் மேல்பாகத்துக்கு அடியில் இருக்கும் தகடு) மேல் சந்தேகப்பட வேண்டும். ஆயில் மூடியில் மட்டும் நுரை லேசாக இருந்தால் பயப்படாதீர்கள், கிட்டத்திலேயே ஓடும் வண்டிகளில் அப்படி வரும். இதையெல்லாம் வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். திம்பம் மலையில் யானை நடமாட்டம் உண்டு, நடுக்காட்டில் இறங்கி பானட்டைத் திறக்க முடியாது.

அப்புறம் அந்தக் கருகல் வாடை. எஞ்சின் உறுமியும் வண்டி நகரவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. ஆள் இல்லாத சமதளத்தில் சக்கரத்துக்குக் கல் வைத்து, ஹேண்ட்பிரேக் இழுத்து, நான்காம் கியர் போட்டு, கிளட்சை மெதுவாக விடுங்கள். எஞ்சின் அணைந்தால் கிளட்ச் பிளேட் நன்றாக இருக்கிறது. அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் வழுக்குகிறது. ஒரு தடவை போதும், திரும்பத் திரும்பச் செய்தால் மிச்சமிருக்கும் பிளேட்டும் கருகும். கேபிள் கிளட்சாக இருந்தால் பெடலில் கொஞ்சம் ஃப்ரீபிளே (மிதிக்கத் தொடங்கும்போது வெறுமனே இறங்கும் இடைவெளி) இருக்கிறதா என்றும் பாருங்கள். துளியும் இல்லாவிட்டால் பிளேட் முழுசாகப் பிடிக்காது, கேபிளைச் சரிசெய்தாலே போதும். வளைவில் பஸ்ஸுக்கு வழிவிட ஆஃப் கிளட்ச்சில் (பெடலைப் பாதி மிதித்தபடி) நிறுத்திப் பிடிக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், ஹேண்ட்பிரேக் எதற்கு இருக்கிறது?

கடைசியாகச் சத்தம். வண்டியை நியூட்ரலில் ஓடவிட்டு கிளட்சை மிதியுங்கள். மிதித்ததும் சத்தம் நின்றால் கியர்பாக்ஸின் முன் பேரிங். மிதித்தால்தான் வருகிறதா, அது கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங். நிற்கும்போது எதுவுமே இல்லாமல், ஓட ஓடக் கூடினால் பின்பக்கத்து கிரவுனையும் (பின் சக்கரங்களைச் சுழற்றும் பல்சக்கரப் பெட்டி) பேரிங்குகளையும் பாருங்கள். அதற்கு கியர்பாக்ஸைத் தொடவே வேண்டாம், கிரவுன் ஆயில் அளவிலிருந்து ஆரம்பிக்கலாம்.

பிளேட் மாற்றுவதாக இருந்தால் கியர்பாக்ஸை இறக்கத்தான் வேண்டும். அதோடு கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டையும் ரிலீஸ் பேரிங்கையும் மாற்றிவிடுங்கள், மறுபடி கூலி கொடுக்க வேண்டாம். ஆனால் வண்டியிலிருந்து கழற்றி இறக்குவது வேறு, அதைத் திறந்து உள்ளே பிரிப்பது வேறு. பட்டறையில் எதைச் சொல்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பிரித்தே ஆக வேண்டும் என்றால், கழற்றிய பேரிங்கைக் கையில் வாங்கிச் சுற்றிப் பாருங்கள். கரகரவென்று உரசினால் அவர்கள் சொன்னது சரி.