கால் எரிச்சலுக்குக் கோதுமை காரணமா?

கேள்வி: எனக்கு 44 வயது. ஒரு வருடமாக இரண்டு பாதங்களிலும் எரிச்சல், மதமதப்பு. இப்போது நடந்தால் தள்ளாடுகிறது. சர்க்கரை நோய் இல்லை, குடிப்பழக்கமும் இல்லை. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டும் ரத்தசோகை தீரவில்லை. தெரிந்தவர் ஒருவர், “சீலியாக் நோயாக இருக்கும், கோதுமையை நிறுத்து” என்கிறார். எனக்கு வயிற்றுப்போக்கே இல்லையே டாக்டர்?
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: கோதுமையை இப்போதே நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் ரத்தத்தில் இந்த நோயைக் காட்டிக்கொடுக்கும் ஆன்டிபாடி (எதிர்ப்புப் புரதம்) குறைந்து, நோய் இருந்தாலும் இல்லை என்று ரிசல்ட் வந்துவிடலாம். முதலில் பரிசோதனை, அப்புறம்தான் பத்தியம்.

கோதுமை, பார்லியில் உள்ள க்ளூட்டன் என்ற புரதம் தூண்டிவிட, நம் நோய் எதிர்ப்பு சக்தியே சிறுகுடலைத் தாக்குவதுதான் சீலியாக். பெரியவர்களில் சிலருக்கு வயிற்றுத் தொல்லையே இல்லாமல் நேராக நரம்பில் தெரியும். கால் நரம்புகள் பாதித்தால் எரிச்சல், மதமதப்பு. சிறுமூளை பாதித்தால் தள்ளாட்டம், பேச்சுக் குழறல். சிறுமூளையில் அழிந்த செல்கள் திரும்ப வளர்வதில்லை. அதனால்தான் தள்ளிப்போடாதீர்கள் என்கிறேன்.

ஆனால் தென்னிந்தியாவில் இந்த நோய் வடக்கைவிட மிக அரிது. பி12 குறைபாடோ சர்வசாதாரணம், அதுவும் இதே தொல்லைகளைத் தரும். எனவே பி12-ஐ முதலில் பாருங்கள். மாத்திரைக்கு மசியாத ரத்தசோகை இருப்பதால், உங்களுக்கு டிடிஜி ஐஜிஏ (tTG-IgA) என்ற, சீலியாக் ஆன்டிபாடியைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனையும் அவசியம். கூடவே மொத்த ஐஜிஏ (ஆன்டிபாடிகளில் ஒரு வகை) அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். அது குறைவாக இருப்பவர்களுக்கு டிடிஜி ‘நார்மல்’ என்று ஏமாற்றிவிடும். பாசிட்டிவ் வந்தால் எண்டோஸ்கோபியில் சிறுகுடல் சதைத் துணுக்கு எடுத்து உறுதி செய்வார்கள். உங்கள் பக்கத்திலேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது. நரம்பியல் பிரிவில் காட்டுங்கள். திடீரென்று பேச்சு குழறினாலோ தள்ளாட்டம் கூடினாலோ ஓ.பி. நாளுக்குக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்கே போய்விடுங்கள்.

நோய் உறுதியானால் உணவுதான் மருந்து, ஆயுள் முழுக்க. எரிச்சல் குறையப் பல மாதங்கள் ஆகும், பொறுமை வேண்டும். சோறு, இட்லி, கம்பு, மீன் எதற்கும் தடையில்லை. பரோட்டா, ரவை, சேமியா, பிஸ்கட், மால்ட் பானங்கள், பீச் பக்கம் விற்கும் மைதா நூடுல்ஸ் அத்தோ, எதுவும் கூடாது. பலர் கோட்டை விடுவது பெருங்காயத்தில்: கடைப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா கலந்திருக்கும், பாக்கெட்டைப் படித்து வாங்குங்கள். கேழ்வரகையும் கோதுமை அரைக்கும் மில்லில் கொடுக்காமல் வீட்டு மிக்சியில் அரைத்துக்கொள்ளுங்கள்.