த்ரைவ் என்றால் செழித்தல் மட்டும்தானா?

‘த்ரைவ் என்ற ஆங்கில வினைக்குப் பொருள் என்ன, செழிப்பதைக் குறிக்க ஃப்ளரிஷ் என்ற சொல் இருக்கும்போது அது எதற்கு’ என்று கேட்டிருக்கிறீர்கள். வேலை விண்ணப்பத்தில் எழுதுவதற்காகக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அங்கேதான் இந்தச் சொல் இப்போது அதிகம் அடிபடுகிறது. அகராதி ‘செழித்தல்’ என்று சொல்லி நிறுத்திக்கொள்ளும். அது தவறில்லை, ஆனால் போதாது. நான் குழந்தைகள் வார்டில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். நர்சுக்கு இலக்கணம் எதற்கு என்று கேட்பவர்கள் தாராளமாகக் கடந்து செல்லலாம். இந்தச் சொல்லோடு அன்றாடம் புழங்கியவள் என்ற உரிமையில்தான் எழுதுகிறேன்.

மருத்துவத்தில் ‘ஃபெயிலியர் டு த்ரைவ்’ என்றொரு தொடர் உண்டு. வயதுக்கேற்ற எடை ஏறாமல், வளர்ச்சி அட்டையில் குழந்தையின் கோடு கீழ்நோக்கிச் சரிந்துகொண்டே போனால் அப்படி எழுதுவார்கள். ஒருமுறை, தனியார் மருத்துவமனை ஒன்றிலிருந்து வந்த சீட்டுடன் ஓர் இளம் தந்தை எங்கள் வார்டுக்கு வந்தார். அந்த மூன்று சொற்களில் முதல் சொல் மட்டுமே அவருக்குப் புரிந்திருந்தது. “சிஸ்டர், கிட்னியா, ஹார்ட்டா? பிள்ளைக்கு எது ஃபெயிலியர் ஆயிடுச்சு?” என்று கேட்டார், சீட்டைப் பிடித்திருந்த கை நடுங்கியது. “தம்பி, எந்த உறுப்பும் கெட்டுப்போகலை. பிள்ளை தேறலை, எடை ஏறலை, ஏன்னு பார்க்கத்தான் அனுப்பியிருக்காங்க” என்றேன். அவர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். எழுதிக் கொடுத்தவருக்கு அந்த ஒரு வரியைத் தமிழில் சொல்ல அரை நிமிடம் ஆகியிருக்குமா? மருத்துவர்களைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அந்தத் தொடரே சரியில்லை என்று அவர்களில் பலர் கருதுகிறார்கள். ‘ஃபெயிலியர்’ என்பது பெற்றோரைக் குற்றம் சாட்டுவது போல ஒலிப்பதும் ஒரு காரணம். மருத்துவ வழிகாட்டிகளை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2017இல் வெளியிட்ட வழிகாட்டி, வளர்ச்சி தடுமாறுவதைக் குறிக்கும் ‘ஃபால்டரிங் குரோத்’ என்ற தொடரையே தலைப்பாக வைத்தது.

த்ரைவ் என்பதன் உயிர் அந்தத் ‘தேறுதல்’ என்பதில்தான் இருக்கிறது. வாய்த்த சூழலில் கிடைப்பதைப் பற்றிக்கொண்டு ஒன்று வலுவாக வளர்வதை அது குறிக்கிறது. ஸ்காண்டிநேவியாவில் முன்பு வழங்கிய பழைய நார்ஸ் மொழியில் ‘பற்றிப் பிடித்தல்’ என்ற பொருளுள்ள வினையிலிருந்து வந்த சொல் அது. சிக்கனத்தைக் குறிக்கும் ‘த்ரிஃப்ட்’ அதன் உடன்பிறப்பு. ஃப்ளரிஷ் லத்தீன் மொழியின் பூவிலிருந்து வந்தது. ஆகவே கலை, இலக்கியம், நாகரிகம் போன்றவை பூத்துக் குலுங்கும்போது அது பொருந்தும். செழிப்பைக் குறிக்கும் இன்னொரு வினையான ப்ராஸ்பர் பெரும்பாலும் காசுபணத்தோடு சேர்ந்து வரும்.

தமிழில் எல்லா இடத்துக்கும் ஒரே சொல்லைப் போட முடியாது. குழந்தை தேறும், செடி தழைக்கும், ‘இந்த மண்ணில் முருங்கை நன்றாக வரும்’ என்று தோட்டக்காரர் சொல்வதும் த்ரைவ்தான். ராமநாதபுரத்தின் வறண்ட நிலத்தில் சீமைக்கருவேலத்துக்கும் இதே வினையைப் போடலாம், அதை யாரும் விரும்பாவிட்டாலும். கள்ளச்சந்தையும் லஞ்சமும்கூட ஆங்கிலத்தில் த்ரைவ் ஆகும். அங்கே நாம் ‘செழித்தது’ என்று எழுதினால் வஞ்சப்புகழ்ச்சியாகிவிடும், ‘கொடிகட்டிப் பறந்தது’ என்பதே நம் வழக்கு.

இலக்கணத்தில் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: இது செயப்படுபொருள் ஏற்காத வினை. ‘நிறுவனத்தை த்ரைவ் செய்தேன்’ என்ற பொருளில் எழுத முடியாது. நிறுவனம்தான் த்ரைவ் ஆகும். ஃப்ளரிஷ் செயப்படுபொருள் ஏற்கும், ஆனால் அப்போது வாளையோ கடிதத்தையோ வீசிக் காட்டுவது என்று பொருள் மாறிவிடும். இறந்தகாலத்துக்கு ‘த்ரைவ்ட்’ போதும். ‘த்ரோவ்’ பழைய நூல்களில் கண்ணில் படும்.

விண்ணப்பங்களில் வரும் ‘த்ரைவ் ஆன் பிரஷர்’ என்பதற்கு நெருக்கடியைத் தாங்குவேன் என்பது மட்டும் பொருளன்று. நெருக்கடியே எனக்குத் தீனி, அதில்தான் இன்னும் நன்றாக வேலை செய்வேன் என்பது பொருள். நேர்முகத் தேர்வில் அதற்கு ஓர் எடுத்துக்காட்டு கேட்பார்கள். சொல்வதற்கு உண்மையான சம்பவம் இருந்தால் மட்டும் எழுதுங்கள்.